ஊதாத சங்கு

முதலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. சத்தம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

அடித்தொண்டையில் தொடங்கி, ஏறி, இன்னும் ஏறி, இனி ஏற இடமில்லை என்கிற உயரத்தில் நின்று அலறியது. சோபா நுனியில் உட்கார்ந்திருந்த ஃபிராங்க்ளின் கையிலிருந்த தட்டையை நழுவவிட்டான். எதிர்க் கட்டடத்தின் விளிம்பிலிருந்து புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. கீழே கார்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று கூவ ஆரம்பித்தன.

அலறல் நின்றது. மூச்சு விடும் நேரம் கழித்து மறுபடி அலறியது. நின்றது. மறுபடியும் ஒரு தடவை. அப்புறம் அமைதி.

"காபி ரெடின்னு சொல்ல இவ்ளோ பெரிய ஹாரனா சார்?" என்றான் ஃபிராங்க்ளின்.

சீனிவாசராகவன் சிரிக்கவில்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தார்.

"இதுதான். இதுக்குத்தான் உங்களை வரச்சொன்னேன்" என்றார். "அந்தப் பொண்ணு இப்ப மொட்டைமாடியில இருப்பா. போய்ப் பாருங்கோ."

பிரபா தலையை அசைத்தாள். ஃபிராங்க்ளின் லிஃப்டை மதிக்காமல் படிகளில் ஓடினான்.

மல்லேஸ்வரத்தில் காபிப்பொடிக் கடை ஒன்றின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள் பிரபா. முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஃபிராங்க்ளின் ஸ்ரீராம்புரத்துக்காரன், தமிழ், கன்னடம், தக்னி உருது மூன்றிலும் சரளமாக வம்பு வளர்ப்பான். அவனை வேலைக்கு வைத்திருப்பது ஏன் என்று அவளைக் கேட்டால், அவன் பேசும்போது எதிராளி அவனையே பார்ப்பார், தான் எதிராளியைப் பார்க்கலாம் என்பாள்.

இப்போது அவள் ராகவனைப் பார்த்தாள். அரசு வேலையில் நரைத்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இன்னும் இரண்டு பேனா. மேசை மேல் அச்சுக்குப் போகும் புத்தகத்தின் திருத்தப் பக்கங்கள்.

அவர் விஷயத்தை ஒரு அத்தியாயத்தைச் சொல்லி எழுதவைப்பவர் போலச் சொன்னார். அத்திபெலே போகும் வழியில் இருந்த ஹொன்னகெரே ஒரு காலத்தில் மண்டலப் பஞ்சாயத்து. எண்பதுகளின் கடைசியில் சுற்றுவட்டக் கிராமங்களைச் சேர்த்து உருவாக்கினார்கள். தேர்தல் நடந்தது. தலைவருக்குப் பிரதான் என்று பெயர். குழாய்த் தண்ணீர், தெருவிளக்கு, ஏரிக்கரைப் பராமரிப்பு எல்லாம் அதன் கையில். முதலும் கடைசியுமான காரியதரிசி சீனிவாசராகவன்தான். சில வருஷங்களில் புதுச் சட்டம் வந்தது. மண்டலம் கலைந்து துண்டு துண்டாகக் கிராமப் பஞ்சாயத்துகள் ஆயிற்று. அப்புறம் பெங்களூரு வீங்கிக்கொண்டே வந்து அவற்றையும் விழுங்கிவிட்டது. ஏரி போய் அந்த இடத்தில் இந்த அடுக்குமாடி வந்தது. பெயர் லேக் வியூ. ஏரி எங்கே என்று ஃபிராங்க்ளின் வரும்போது கேட்டதற்கு வாட்ச்மேன், நீங்கள் நிற்பதுதான் என்று சொல்லியிருந்தான்.

"ராஜாவுக்கு வரலாறு எழுத ஆயிரம் பேர் இருக்கா. ஒரு மண்டலத்துக்கு யார் எழுதுவா, சொல்லுங்கோ" என்றார் ராகவன்.

அவர் எழுதினார். வரும் ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. மிஞ்சியிருப்பது பழைய பஞ்சாயத்து ஆபீஸ் கட்டடம் மட்டும். மாநகராட்சி அதில் துடைப்பமும் பிளீச்சிங் பவுடரும் போட்டு வைத்திருக்கிறது. அதன் கூரை மேல் இருக்கும் பழைய சைரனை, அந்தக் காலத்து ஆட்கள் சங்கு என்று சொல்வதை, அவரே தன் செலவில் ரிப்பேர் செய்திருந்தார். வெளியீட்டு விழாவில் ஒரு முறை ஊதலாம் என்று ஆசை. ஆனால் சங்கு அவரைக் கேட்காமலே ஊத ஆரம்பித்துவிட்டது.

"ஒரு தடவை நீளமா ஊதினா மத்தியானம் பன்னெண்டு மணி. மூணு தடவை விட்டு விட்டு ஊதினா ஏரிக்கரை உடையறதுன்னு அர்த்தம். இப்ப கேட்டேளே, அது மூணு."

"அந்த மூணு எப்பவாவது நிஜமா ஊதியிருக்கா?" என்று கேட்டாள் பிரபா.

ராகவன் ஒரு பக்கத்தை எடுத்து நீட்டினார். ஒரே ஒரு தடவை ஊத வேண்டியிருந்தது, ஊதவில்லை. பெருமழையில் கரை உடைந்து, கீழே இருந்த கல்லுடைப்பவர்கள் காலனியில் தண்ணீர் புகுந்தது. ஒரு பெண் செத்துப்போனாள். அவள் வேறு யாருமில்லை, சங்கு ஊத வேண்டிய ஆபரேட்டர் சந்திரசேகரனின் மனைவி. பக்கத்தில் பேனாவால் எழுதிச் சேர்த்த வரி: 'பணியிலிருந்த ஆபரேட்டர் குடிபோதையில் உறங்கிவிட்டதே இதற்குக் காரணம்.'

"பேனாவால ஏன் எழுதியிருக்கீங்க?"

"பிரஸ்காரன் அந்த வரியை மட்டும் விட்டுட்டு அடிக்கிறான். ஒவ்வொரு ப்ரூஃப்லயும் தேதி போட்டு நான் சேர்க்கறேன், அடுத்ததுல காணோம். என் ஒய்ஃப்தான் ப்ரூஃப் பாத்து அனுப்பறா. அவளுக்கும் கண்ணுல படலையாம்." பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்: "ரூல்படிதான் அவனை டிஸ்மிஸ் பண்ணினேன். என்கொயரி நடந்தது. கையெழுத்து மட்டும்தான் என்னோடது."

சந்திரசேகரன் போன வருஷம் காலமாகிவிட்டார். மகள் மரகதம் இதே அடுக்குமாடியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். புத்தகம் வருவதைக் கேள்விப்பட்டு, அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று வந்து கெஞ்சினாள். உண்மையை எடுக்க முடியாது என்று ராகவன் சொல்லிவிட்டார். அதற்கு அடுத்த வாரம் சங்கு ஊத ஆரம்பித்தது. ஊதும் நேரமெல்லாம் அவள் வேலையிடத்தில் இல்லை. படிக்கட்டில் பதறி ஓடுவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. ஊதுவது அவள்தான் என்று இன்று சாயங்காலத்துக்குள் தெரிந்தால் அசோசியேஷன் அவளை வேலையிலிருந்து நீக்கி, போலீஸில் புகார் கொடுக்கும். அதே சாயங்காலம் புத்தகமும் அச்சுக்குப் போகும்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. ஃபிராங்க்ளின் வெற்றிவீரன் போல வந்தான். பின்னால் நீலச் சீருடையில், நாற்பது வயதைத் தாண்டிய பெண் ஒருத்தி. முகத்தில் ரத்தம் இல்லை.

"தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒக்காந்துனு இருந்தாங்க மேடம். கூப்ட்டா ஒரு பேச்சு இல்ல. லிஃப்ட்ல வர்றப்போ கம்ப்ளெய்ண்ட், ஸ்டேஷன்னு கொஞ்சம் சொல்லி வெச்சேன்."

"இங்கேருந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் பூட்டின கட்டடத்துல எப்படி பட்டனை அழுத்துவாங்க?" என்று கேட்டாள் பிரபா.

"ரிமோட்டு" என்றான் ஃபிராங்க்ளின். சொன்ன பிறகு தன் காதுக்கே அது நன்றாக இல்லை என்பது போல மூக்கைச் சொறிந்தான்.

மரகதம் உள்ளே வரவில்லை. வாசல்படிக்கு வெளியே நின்றாள். அவளைத் தாண்டிக்கொண்டு ராகவனின் மனைவி ஜெயலக்ஷ்மி வந்தார். ஒல்லியான உருவம், கையில் துளசி வைத்த பிரம்புக் கூடை. கோயிலில் கூட்டம் என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். செருப்பை விட்டுவிட்டு நேரே குளியலறைக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு, துளசியைப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனார். தரையில் ஈரத் தடம் காய்வதற்குள் காபி வந்தது.

முதல் தம்ளர் வாசலுக்குப் போனது. அது வெள்ளித் தம்ளர். ராகவனுக்கும் விருந்தாளிகளுக்கும் ஸ்டீல். மரகதத்தின் கையில் கொடுக்கும்போது ஜெயலக்ஷ்மியின் பார்வை தம்ளரின் விளிம்பிலேயே இருந்தது.

பிரபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சார், அந்தக் கட்டடச் சாவி வேணும். மரகதம், நீங்களும் வாங்க."

சாவி பெருமாள் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. பின்கதவுச் சாவி உண்டா என்று பிரபா கேட்டாள். அது அந்தக் காலத்திலேயே தொலைந்துவிட்டது, அந்தக் கதவை யாரும் திறப்பதில்லை என்றார் ராகவன்.

ரோட்டைத் தாண்டும்போது மரகதம் வாயைத் திறந்தாள். காலனியில் பிறந்த குழந்தைகளுக்கு நடக்கத் தெரிந்ததும் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டாம். சங்கு மூணு தடவை கத்தினால் திரும்பிப் பார்க்காதே, எதையும் எடுக்காதே, பாறை மேல் ஏறு. அப்போது பாறை இருந்தது. அதை உடைத்து விற்ற பிறகு இந்தப் பக்கம் உயரமாக இருப்பது இந்த அடுக்குமாடி மட்டும்தான்.

"சங்கு கத்துனா காலு தானா ஓடுது மேடம். மேல போய் நின்ன அப்புறந்தான் நான் எதுக்கு வந்தேன்னே தெரியுது. இத்தை எப்டி சார்கிட்ட சொல்றது? சிரிப்பாங்க."

ஃபிராங்க்ளின் சிரிக்கவில்லை. பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தான். அவனைப் பொறுத்தவரை அது ரொம்ப தூரம். "அக்கா, நான் லிஃப்ட்ல சொன்னது எதையும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றான்.

"நீ என்னா பண்ணுவ. உன்னாண்ட அப்டி சொன்னாங்க."

ஊதியவளாக இருந்தால் ஓட மாட்டாள். பட்டனை அழுத்திய கைக்குத் தண்ணீர் வரவில்லை என்று தெரியும். கேமராவில் பதிவான ஓட்டம் அவளுக்கு எதிரான சாட்சி இல்லை, அவளுக்கான சாட்சி. பிரபா இதைச் சொன்னபோது மரகதம் தலையை ஆட்டினாளே தவிர, முகம் தெளியவில்லை.

"வேலை போனா வேற எடம் பாத்துக்கலாம் மேடம். அந்த வரி புக்ல வந்துட்டா எங்கப்பாவை அப்புறம் யாரும் அதுலேருந்து எடுக்க முடியாது."

அப்பா எப்போதும் ஒரே பேச்சுதான் பேசினார் என்றாள். பட்டனை அழுத்தினேன், கரெண்ட் வரவில்லை. விசாரணையில் சிரித்தார்கள். ஆபீஸில் பல்பு எரிந்துகொண்டிருந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். மறுநாள் தாசில்தார் வந்து அழுத்தியதும் சங்கு ஊதிற்று. அதோடு கதை முடிந்தது. குடிக்காதவரைக் குடிகாரன் என்றார்கள். அதற்குப் பிறகுதான் குடிக்க ஆரம்பித்தார்.

"சாவறப்போ ஒரு வாரம் நெனப்பு இல்ல. கதவைத் தொறக்கச் சொல்லு, கதவைத் தொறக்கச் சொல்லுன்னே சொல்லிக்கினு இருந்தாரு. ஆஸ்பத்திரிக் கதவு தொறந்துதான் இருந்திச்சு."

பஞ்சாயத்து ஆபீஸ் ஓட்டுக் கட்டடம். முன்பக்கம் ஆபீஸ் அறை. அதை ஒட்டிப் பின்பக்கம் ஒரு நடு அறையும் சமையலறையும். காரியதரிசிக்குக் குடியிருப்பாக அரசாங்கம் கொடுத்தது அது. ராகவனும் மனைவியும் மண்டலம் கலையும்வரை அங்கேதான் இருந்தார்கள்.

முன்கதவுப் பூட்டைத் திறக்கவே ஃபிராங்க்ளினுக்கு மூச்சு வாங்கியது. உள்ளே காலை வைத்ததும் தும்மினான். பிளீச்சிங் பவுடர் மூட்டைகளை எலி கடித்து, தரை முழுக்க மாவு தூவியது போல வெள்ளைப் பொடி.

"பேய் வந்து போயிருந்தா இந்நேரம் வெள்ளையா ஆயிருக்கும் மேடம். அதான் எல்லாப் பேயும் வெள்ளையா இருக்குது போல."

"பேய்க்குக் கால் உண்டா?"

"சொல்லக் கேள்விப்பட்டது இல்லைன்னுதான்."

"இதுக்கு இருக்கு."

தரையில் தடங்கள் இருந்தன. முன்கதவிலிருந்து வந்தவை எல்லாம் ஷூவும் செருப்பும்: மாநகராட்சி ஆட்கள், சைரன் ரிப்பேர் செய்தவர், ராகவன். அவற்றோடு சேராமல் இன்னொரு வரிசை. வெறுங்கால், சின்னப் பாதம். அது பின்பக்கத்திலிருந்து வந்து, சுவரில் இருந்த சைரன் ஸ்டார்ட்டருக்கு முன்னால் நின்று, வந்த வழியே திரும்பியிருந்தது. மோட்டார் பம்புக்கு இருப்பது போலப் பச்சை பட்டனும் சிவப்பு பட்டனும். பச்சை பட்டன் மட்டும் தூசியில்லாமல் பளபளத்தது.

சமையலறைக்குப் போய்ப் பிரபா பின்கதவைப் பார்த்தாள். பூட்டிய கதவுதான், ஆனால் சாவித் துவாரத்தில் புத்தம் புது எண்ணெய். கதவிடுக்கு வழியாகப் பார்த்தால் வெளிப்படியில் பொடியும் மண்ணும் கலந்த தூசி. அதில் ஒரு ஜோடி செருப்பு நின்ற அடையாளம் பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காக.

"கெமிக்கல் கொட்டிக் கெடக்கிற எடத்துல யாராவது செருப்பைக் கழட்டிட்டு வருவாங்களா மேடம்? கோயிலா இது?"

"கோயில் இல்லை. வீடு" என்றாள் பிரபா.

சமையலறைச் சுவரில், அடுப்பு மேடைக்கு மேலே, ஒரு மரப்பலகையில் பழைய பீங்கான் ஃப்யூஸ் கட்டை ஒன்று தனியாக இருந்தது. அதிலிருந்து கிளம்பிய ஒயர்க் குழாய் நேரே கூரையைத் துளைத்துக்கொண்டு சைரனுக்குப் போனது. மின்கம்பம் பின்தெருவில் இருந்ததால் ஒயரை இந்தப் பக்கம் இழுத்திருக்க வேண்டும். பிரபா ஆபீஸ் அறையின் பல்பைப் போடச் சொன்னாள். எரிந்தது. பிறகு ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கினாள். பல்பு எரிந்துகொண்டேயிருந்தது.

"ஃபிராங்க்ளின், இப்ப பச்சை பட்டனை அழுத்து."

அவன் அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினான். பல்பு எரிந்தது, சங்கு ஊதவில்லை.

ஆபீஸ் வாசலில் நின்றிருந்த மரகதம் அப்படியே படியில் உட்கார்ந்தாள். அப்பா சொன்னது அத்தனை வருஷம் கழித்து அவளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. அவள் அழவில்லை. ஃபிராங்க்ளின் கையை பட்டனிலிருந்து எடுக்கத் தெரியாமல் நின்றதைப் பார்த்து, "போதும்பா, வுட்டுரு" என்றாள்.

பிரபா ஃப்யூஸ் கட்டையைத் திரும்பச் செருகிவிட்டு நடு அறைக்கு வந்தாள். அந்த அறையில் ஒரு சாமானும் இல்லை. ஆனால் வெறுங்கால் தடங்கள் நேராகப் போகவில்லை. அறையின் பாதியில் சுவரோரமாக ஒதுங்கி, எதையோ சுற்றிக்கொண்டு, மறுபடி நேராகியிருந்தன. திரும்பி வரும்போதும் அதே வளைவு.

"குடிச்சிட்டு நடந்தாங்களா?" என்று கேட்டுவிட்டு, வாசலில் இருப்பது யார் என்று நினைவு வந்து ஃபிராங்க்ளின் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"குடிச்சவங்க போறப்பவும் வர்றப்பவும் ஒரே எடத்துல வளைய மாட்டாங்க. மேல பார்."

உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி.

"ஃபேன் கொக்கி."

"அதுல ஃபேனை மாட்டினா றெக்கை சுவத்துல இடிக்கும்."

அவன் கொக்கியைப் பார்த்தான். அதற்கு நேர் கீழே, தடங்கள் தொடாமல் விட்டிருந்த தரையைப் பார்த்தான். அவனுக்கு இரண்டு தங்கைகள். ஒற்றை அறை வீட்டில், தூங்கும் குழந்தை மேல் இடிக்காமல் நடந்து பழகியவன்.

"தொட்டில்" என்றான் மெதுவாக.

எப்போதும் துப்புக் கிடைத்த நிமிஷத்தில் பிரபாவுக்குள் ஒரு குஷி வரும். இன்று வரவில்லை. யாருடைய பெட்டியையோ கேட்காமல் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

வீட்டில் ராகவன் ஃபோனில் பிரஸ்காரரிடம், கடைசிப் பக்கத்தில் அந்த வரி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் மூவரும் வருவதைப் பார்த்து, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். இந்த முறை பிரபா மரகதத்தை உள்ளே கூட்டி வந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். ஜெயலக்ஷ்மி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிரபா சுருக்கமாகச் சொன்னாள். மரகதம் சங்கு ஊதவில்லை. சந்திரசேகரன் தூங்கவுமில்லை, பொய் சொல்லவுமில்லை. ஃப்யூஸை எடுத்துவிட்டால் பல்பு எரியும், சங்கு ஊதாது. யாரோ எடுத்திருக்கிறார்கள், மறுநாள் தாசில்தார் வருவதற்குள் திரும்ப வைத்திருக்கிறார்கள்.

"அபத்தம்" என்றார் ராகவன். "அந்த ஃப்யூஸ் என் வீட்டுச் சமையலறையில இருந்தது. நான் அன்னிக்கு தாலுக்கா மீட்டிங்ல இருந்தேன். வீட்டுக்குள்ள வேற யாரு…"

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. மனைவி பக்கம் திரும்பவும் இல்லை.

பிரபா அவரை விட்டுவிட்டு ஜெயலக்ஷ்மியிடம் பேசினாள். குரலில் விசாரணை இல்லை.

"காலையில கோயில்லேருந்து வந்ததும் காலைக் கழுவினீங்கம்மா. உங்க வீடுகள்ல கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி கழுவுவாங்க, வந்த உடனே கழுவ மாட்டாங்க. கால்ல பிளீச்சிங் பவுடர் எரிஞ்சிருக்கும்."

ஜெயலக்ஷ்மி தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டார்.

"ஆபீஸ் சாவியை நீங்க தொடவே இல்லை. உங்களுக்கு அது ஆபீஸ் இல்லை, நீங்க குடியிருந்த வீடு. பின்கதவு சாவி தொலையலை. செருப்பைப் படியில விட்டுட்டுத்தான் உள்ள போயிருக்கீங்க. நடு அறையில தொட்டில் இல்லைன்னு உங்க கண்ணுக்குத் தெரியும், காலுக்குத் தெரியலை."

பிரபா மேசை மேலிருந்த திருத்தப் பக்கத்தைக் காட்டினாள்.

"ப்ரூஃப்ல அந்த வரியை எடுத்தது பிரஸ்காரர் இல்லை, நீங்க. சார் அதைத் திருப்பிச் சேர்த்த நாள்லதான் சங்கு ஊதியிருக்கு. இன்னிக்கும் அப்படித்தான்."

"ஜெயா" என்றார் ராகவன். கூப்பிட்டாரா, கேட்டாரா என்று தெரியவில்லை.

ஜெயலக்ஷ்மி சமையலறைக்குள் போனார். அலமாரியில் ஏதோ டப்பா திறக்கும் சத்தம். திரும்பி வந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு நீளச் சாவியை மேசை மேல், அந்த வரி இருந்த பக்கத்தின் மேல் வைத்தார்.

"எங்க பொண்ணு நிருபமாவுக்கு அப்ப ஆறு மாசம். ஜுரம். தலைக்கு மேல சங்கு. தினம் பன்னெண்டு மணிக்கு அது ஊதினா தொட்டில்ல கைகாலெல்லாம் இழுத்துக்கும். டாக்டர் எடுத்துச் சொன்னார். இவர்கிட்ட சொன்னேன். ஊருக்காக ஊதறது, உனக்காக நிறுத்த முடியுமான்னார்." கணவரைக் குற்றம் சொல்லும் குரலில் அவர் இதைச் சொல்லவில்லை. நடந்ததை வரிசைப்படுத்துபவர் போலச் சொன்னார். "அன்னிக்கு ராத்திரி பூரா அது தூங்கலை. காலம்பற மழை சத்தத்துல அப்பத்தான் கண் அசந்தது. பன்னெண்டு அடிக்க கொஞ்ச நாழிதான் இருந்தது. எடுத்துட்டேன்."

மரகதம் நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து அந்த இரண்டு பெண்களும் நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிரபாவுக்கு, ஜெயலக்ஷ்மி ஒதுங்கிக்கொள்ள ஒரு நிழல் கொடுத்துவிட வேண்டும் போலிருந்தது. தொழிலில் அவள் செய்யாத காரியம் அது. "நீங்களும் ராத்திரி பூரா முழிச்சிருக்கீங்க. குழந்தையோட சேர்ந்து தூங்கிப்போயிருப்பீங்க. தெரிஞ்சு செஞ்சது இல்லையேம்மா" என்றாள்.

ராகவன் அதைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டார். ஆமாம், தூங்கிப்போயிருப்பாள், அவள் உடம்பு அப்போது அப்படி இருந்தது, யாருக்குத் தெரியும் கரை அன்றைக்கு உடையும் என்று. பேனாவைத் திறந்து பக்கத்திலிருந்த வரியை அடித்தார். கோடு வளைந்தது. இதோ எடுத்துவிட்டேன், மரகதம், இதோ பார், உன் அப்பா பேரில் இனி ஒன்றும் இல்லை, விபத்து என்று போட்டுவிடலாம் என்றார்.

மரகதம் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. ஜெயலக்ஷ்மியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கப்பா என்னா பண்ணினாரு அப்போ? பட்டனை அமுக்கிட்டு சும்மா போயிட்டாரா?" என்று கேட்டாள்.

ஜெயலக்ஷ்மி நிலையிலிருந்து கையை எடுத்தார். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் நின்றார்.

"நான் தூங்கலைம்மா. உங்கப்பா மழையில ஓடி வந்து பின்கதவைத் தட்டினார், ரொம்ப நாழி தட்டினார், மழையில என்ன கத்தறார்னு கேக்கலை. பன்னெண்டு மணி சங்கு ஏன் ஊதலைன்னு கேக்க வந்திருக்கார்னு நெனச்சு, குழந்தை முழிச்சுக்குமேன்னு, ஃப்யூஸ் கட்டையை மடியில வெச்சுண்டு நான் கதவைத் திறக்காம உக்காந்திருந்தேன்."